ஏற்கெனவே ஒருவர் பேசுகிறார்

– இன்னொரு தடவை படி. அந்த ரெண்டாவது வரி மட்டும்.

– அம்மா, நாலு தடவை படிச்சாச்சு. "சலவைத் தொழிலைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் பேசுவதால், தங்களுக்கு வாய்ப்பளிக்க இயலவில்லை." அவ்வளவுதான். முடிஞ்சுது. தூக்கிப் போடு.

– யாருடி அந்த ஒருத்தர்?

– எனக்கென்ன தெரியும்?

– நீ அந்த ஆபீஸ்லதானே வேலை பாக்குற?

– வேலைன்னா? நாலு மாச வேலை. விழாப் புத்தகத்துக்கு டைப் அடிக்கிறேன். கூட்டம்னா நாற்காலி போடுறேன். நகரத்தோட கோடை கலை விழாவை நானா நடத்துறேன்? யார் பேசணும், யார் ஆடணும்னு பெரிய கண்ணாடிதான் முடிவு பண்ணும்.

– மேடம்னு சொல்லு. சம்பளம் குடுக்கிறவங்க.

– மேடமாம். நீ பாக்கலையே அந்தக் கூத்தை. "இந்தக் கோடையில் நம் நகரம் வியர்வையைக் கொண்டாடப் போகுது"ன்னு ஏசி ரூம்ல சால்வையைப் போத்திக்கிட்டு சொல்லுது. சால்வை! ஏசியைக் குறைக்கலாம்னு அங்க ஒரு மண்டைக்கும் தோணலை.

– அது இருக்கட்டும். எங்க ஆஸ்பத்திரி லாண்டரியில நாங்க இருபத்தாறு பேர். ஒவ்வொருத்தியா கேட்டுட்டேன். என்னைத் தவிர யாரும் மனு போடலை.

– ஊர்ல வேற லாண்டரியே இல்லையா?

– இருக்கு. மூணு ஹோட்டல்ல இருக்கு, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில இருக்கு. அங்கயும் ஆளை விட்டுக் கேட்டாச்சு.

– போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீ. எவளாவது நடிகையா இருக்கும்மா. கன்னத்துல கரியைத் தடவி, முந்தானையை இழுத்துச் சொருகி, "நான் ஒரு சலவைத் தொழிலாளி"ன்னு கண்ணை உருட்டுவா. இவங்களுக்கு வியர்வை வேணும், வியர்வை நாத்தம் வேணாம். நீ போய் நின்னா மூக்கைப் பொத்துவாங்க.

– நான் என்ன குளிக்காமலா போவேன்?

– அம்மா, அந்த விழாவோட லட்சணம் உனக்குத் தெரியலை. மொத நாள் ஒருத்தன் தலையில ஐஸ் கட்டியைச் சுமந்துக்கிட்டு மூணு மணி நேரம் நிப்பான். அது உருகும். அதுக்குப் பேரு 'காலம்'. ரெண்டாம் நாள் மேம்பாலத் தூண்ல பூனை வரைஞ்சதுக்குத் திறப்பு விழா. மூணாம் நாள் 'மௌன நடை'. அம்பது பேர் வாயைத் திறக்காம கடைத்தெருவுல நடப்பாங்க. நீ தினம் ஷிப்ட் முடிஞ்சு பேசத் தெம்பில்லாம நடந்துதானே வர? எவனாவது கை தட்டினானா?

– பூனை நல்லாத்தான் இருக்கு. பஸ்லேர்ந்து பாத்தேன்.

– உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

– நாலாம் நாளை விட்டுட்டியே. 'உழைக்கும் கைகள்'.

– இருக்கிறதுலயே கேவலம் அதுதான். பத்துப் பேரைப் பிடிச்சு மேடையேத்தி, ஆளுக்குப் பத்து நிமிஷம் குடுத்து, "கஷ்டத்தைச் சொல்லுங்க, கேப்போம்"னு கீழ உக்காந்து ஜூஸ் உறிஞ்சுவாங்க. நடுநடுவுல உச்சுக் கொட்டுவாங்க. முடிஞ்சதும் காருக்குள்ள ஏறி, "ரொம்ப உண்மையா இருந்துச்சு, இல்ல?"ன்னு பேசிக்கிட்டே போவாங்க. அதுக்கா நீ ஆறு நாள் லீவு எடுத்த? பதினாலு வருஷத்துல மொத லீவு!

– நான் கஷ்டத்தைச் சொல்லப் போறேன்னு யாருடி சொன்னா?

– பின்ன?

– வேலையைச் சொல்லலாம்னு இருந்தேன். பெரிய பெட்ஷீட்டை ரெண்டு பேர் மடிக்கிறது எப்படின்னு. எதிர்ல நிக்கிறவ மூஞ்சியைப் பாக்கவே வேணாம், துணி இழுக்கிற இழுப்புலயே தெரியும், இன்னைக்கு வீட்டுல சண்டையா, இல்லையான்னு. அப்புறம் நோயாளிங்க சட்டைப் பையில கிடைச்சதெல்லாம். ஒரு குழந்தையோட பால்பல்லு. ஒரு கிழவரு ஒளிச்சு வச்ச மாத்திரை பதினேழு. சாப்பாட்டு நேரத்துல சொல்லிக் காட்டினேன். ஒருத்திக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. சூப்பர்வைசர் எட்டிப் பாத்துட்டு, அவரும் உக்காந்துட்டாரு.

– அது லாண்டரிம்மா. அங்க எல்லாரும் உன் ஆளுங்க. இங்க அப்படி இல்ல.

– ஒரு தடவை, பத்தே நிமிஷம், மெஷின் சத்தம் இல்லாத இடத்துல பேசணும்னு ஆசைடி. அவ்வளவுதான். வாழ்நாள் பூரா கத்திக் கத்தியே பேசினவ நான்.

– ஆசைப்பட்ட இடம் சரியில்லைன்னுதானே சொல்றேன். விடு. சித்தி வீட்டுக்குப் போ. கடல் காத்து வாங்கு. லீவும் வீணாகாது. வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்.

– விழாவும் வியாழக்கிழமைதானே ஆரம்பம்?

– அதனாலதான். தெருவெல்லாம் கூட்டம், கொட்டு. உனக்குத் தலைவலி வரும்.

– நான் நாள் முழுக்க மெஷின் சத்தத்துல நிக்கிறவ. எனக்குக் கொட்டுச் சத்தத்துல தலைவலி வருமா?

– வாதம் பண்ணாதம்மா.

– பண்ணலை. லெட்டர் வந்தது முந்தாநாள். டிக்கெட் எடுத்தது போன வாரம்னு அதுல தேதி போட்டிருக்கே, அதைத்தான் கேக்கிறேன்.

– எல்லா லெட்டரையும் நான்தானே டைப் அடிக்கிறேன். எனக்கு முன்னாடியே தெரியும். போதுமா? உன் மனசு கஷ்டப்படும்னு சொல்லலை.

– சரி. நேத்து மத்தியானம் உங்க ஆபீசுக்குப் போனேன்.

– என்னது? எதுக்கு? நான் அங்க இல்லையே!

– நீ அச்சகத்துக்குப் போயிருந்த நேரம். உன்னைச் சங்கடப்படுத்த வேணாம்னு உன் பேரையே எடுக்கலை. மனு போட்டவ வந்திருக்கேன்னு மட்டும் சொன்னேன்.

– யாரைப் பாத்த?

– மேடத்தைத்தான். நல்லாத்தான் பேசினாங்க. உக்கார வச்சு, தண்ணி குடுத்து, அச்சுக்குப் போற புத்தகத்தை எடுத்து நீட்டினாங்க. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். ஆனா படிச்சேன். "கொதிக்கும் நீரில் ரத்தக்கறை அலசிய கைகள்"னு பெருசா போட்டிருந்துது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

– எதுக்குச் சிரிப்பு?

– ரத்தக்கறையை எவடி கொதிக்கிற தண்ணியில போடுவா? பச்சைத் தண்ணியில ஊற வைக்கணும். சூடு பட்டா கறை வெந்துபோய்த் துணியைப் பிடிச்சுக்கும், அப்புறம் அந்தத் துணியைக் கிழிச்சுத்தான் போடணும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிக் குடுக்கிற விஷயம். எழுதினது லாண்டரி வாசப்படியைக் கூட மிதிக்காத ஆளுன்னு புரிஞ்சுபோச்சு. யாருன்னு பாக்கலாம்னு பக்கத்தைத் திருப்பினேன். உன் போட்டோ.

– அம்மா...

– போட்டோ நல்லா விழுந்திருக்கு.

– நான் சொல்றதைக் கேளும்மா. அந்தப் பெரிய கண்ணாடிதான் ஆரம்பிச்சுது. "உங்க வீட்டுல நீதான் மொதப் பட்டதாரியா? அற்புதம், எழுதிக் குடு"ன்னுச்சு. நாலு மாச வேலையை நிரந்தரம் பண்றேன்னுச்சு. இந்தப் படிப்பை வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா நான் ஏறாத படியா? நீயும் மனு போடுவேன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

– மனு உன் மேஜைக்கு வந்தப்ப தெரிஞ்சுதே.

– தெரிஞ்சுது.

– அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா ஏறி ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேசியிருக்கலாம். தண்ணி விஷயத்தையாவது திருத்தியிருப்பேன்.

– ரெண்டு பேரும் ஏற முடியாதும்மா.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– கடைசிப் பத்தியையும் படிச்சேன். நான் படிக்கப் படிக்க மேடம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "பாவம் இந்தப் பொண்ணு. பட்டம் வாங்கின வாரம் அவங்க அம்மா மெஷின் பக்கத்துலயே விழுந்து செத்துப்போயிட்டாங்க"ன்னாங்க.

– அது எழுத்தும்மா! அவங்க எதுக்குக் கை தட்டுவாங்கன்னு பாத்துத்தான் எழுத வேண்டியிருக்கு. உயிரோட இருக்கிற லாண்டரிக்காரிக்காக எவன் அழுவான்? அந்த ஜனங்களைப் பத்தி உனக்குத் தெரியாது.

– "நீங்களும் அதே லாண்டரிதானே, அந்த அம்மாவைத் தெரியுமா"ன்னு கேட்டாங்க.

– ஐயோ! நீ என்ன சொன்ன?

– தெரியும்னு சொன்னேன். கொஞ்சம் வாயாடி, மத்தபடி நல்ல பொம்பளை, நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.