மாப்பிள்ளையை உட்கார வைத்தேன்

பாசத்துக்கு விலை உண்டா என்று கேட்பார்கள். உண்டு இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்காலியில் போட்டுக்கொள்ளும் ஒரு மெத்தை. கடைக்காரர் சொன்னதில் பாதிக்கு முடித்தேன். என் தங்கை கணவருக்காக வாங்கியது. அலுவலகமே பார்த்துப் பொறாமைப்பட்டது.

வேலையிடத்தில் நடந்த சாவு என்பதால் ஒப்புக்கு நாலு கேள்வி கேட்க வந்திருக்கிறீர்கள். கேட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பீர்கள். நான்தான் வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவன். சரக்கு இன்னதென்று சொல்லாமல் கைமாற்றிப் பழக்கமில்லை.

எங்கள் துணிக்கடையில் முதல் வேலை, வந்தவரை உட்கார வைப்பது. நிற்கிறவருக்குக் காலும் சேர்ந்து பேரம் பேசும்; உட்கார்ந்தவருக்கு வாய் மட்டும்தான். எங்கள் பேச்சில் உட்கார வைப்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. எதிர்க்கடைக்காரன் இனி எழுந்திருக்காதபடி செய்தால், ஆளை உட்கார வைத்துவிட்டான் என்போம். கடைசியில் எங்கள் கடையையே யாரோ உட்கார வைத்தார்கள். நான் சரக்குக் காப்பீட்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே எல்லாரும் காலை முதல் மாலை வரை உட்கார்ந்துதான் இருப்பார்கள். காசாளர், பேருந்து வந்துவிடும்போல நாற்காலி நுனியில் இருப்பார். தட்டச்சு செய்யும் அம்மா சம்மணம் போட்டுக்கொள்வார். மேலாளர் முகச்சவரத்துக்கு வந்தவர்போல் சாய்ந்திருப்பார். மாப்பிள்ளை மட்டும் நட்டு வைத்த கல். வேலையில் இறங்கினால் பசி தெரியாது, கால் மரத்தது தெரியாது. அவருக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவன் நான். எங்கள் வீட்டில் அவருக்குத் தங்கையைக் கொடுத்ததும் என் வாக்கை நம்பித்தான்.

பிரிவுத் தலைவர் பதவி காலியானபோது அடுத்த ஆள் நான் என்று கதவு ஜன்னலுக்குக்கூடத் தெரியும். அறிவிப்புக்கு முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கூட்டத்தில் மேலாளர் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மாப்பிள்ளை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பே ஒரு தடவை அவருக்குக் காலில் ரத்தம் கட்டியிருக்கிறது. மாத்திரை உண்டு. மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும், கால் வீங்கினால் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தங்கை அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணா, அவர் மறந்துடுவார். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, கொஞ்சம் எழுப்பி விடுங்க."

அவர் கைப்பேசியில் மணிக்கொரு முறை மணி அடிக்கும். புதுப் பதவிக்கு வந்த வாரம் நான் போய்ச் சொன்னேன்: "அதை அணைச்சிடுங்க மாப்பிள்ளை, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. நான் இருக்கேன்ல."

அணைத்துவிட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பிறகு நான் அவரை எதற்கும் எழ விடவில்லை. கோப்பு வேண்டுமா, நான் எடுத்து வந்தேன். சாப்பாடு மேசைக்கே வந்தது. தேநீர் கொடுத்தேன், சின்னக் கோப்பையில். தண்ணீர் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் குடித்தவர் எழுந்து போயாக வேண்டுமே. மெத்தை வாங்கியதும் அப்போதுதான். மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார் காசாளர்.

ஒருநாள் மாப்பிள்ளை, "மச்சான், இடது கால் என்னவோ கனமா இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது.

"புதுப் பதவி, கனமாத்தான் இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். காலை வைத்துக்கொள்ள ஒரு முக்காலியும் கொண்டுவந்து போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார். மாப்பிள்ளை எழுந்தார், கதவு வரை போனார், விழுந்தார். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். கவனியுங்கள் ஐயா, அன்று அவரை எழச் சொன்னது நானல்ல.

சாவு வீட்டில் கூட்டத்துக்கு நடுவே தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்துக்கிட்டதாலதான் அண்ணா, இத்தனை நாளாவது இருந்தார்" என்றாள். நான் தலையசைத்தேன். வாசலில் மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார்.

"உங்க மாப்பிள்ளை ரெண்டு தடவை வந்து, இது மச்சானுக்குச் சேர வேண்டியதுன்னு வாதாடினார். முடியாதுன்னது நான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு வாயைக் கட்டினதும் நான்தான். மனசுல வெச்சுக்காதீங்க."

இரண்டு நாள் யோசித்தேன். நான் நியாயஸ்தன். பதவி விஷயத்தில் மாப்பிள்ளையின் பேரில் மனசுக்குள் எழுதியிருந்த கடனை அடித்துவிட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போனது அப்படியே நிற்கிறது. யார் தடுத்தால் என்ன, அவர் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி. அதற்கு ஓர் உயிரை எடுத்துக்கொண்டேன். விலை சற்றுக் கூடுதல்தான். பேரத்தில் முன்னே பின்னே இருக்கும். கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், அத்தோடு எங்கள் இருவருக்கும் கணக்கு நேர். தங்கைக்கு நான் கொடுக்க வேண்டியது வீட்டுக் கணக்கு. அதை இதில் சேர்க்காதீர்கள்.