பிழையில்லாக் குற்றம்

— பரீட்சைத் தாள்ல ஒரு பிழைகூட இல்லையே, மிர்சாபெக். அதான் சந்தேகமா இருக்கு.

— பிழை இருந்தா ஃபெயில், இல்லாட்டி சந்தேகம். எத்தனை போட்டிருக்கணும்னு சொல்லியிருக்கலாமே, அகாய்?

— வாத்தியார்கிட்ட, அதுவும் டீன்கிட்ட, பேசற பேச்சா இது? முதல் வருஷம் உன் கிர்கிஸ் தாளைத் திருத்த சிவப்பு மை போதாம அடுத்த ரூம்ல கடன் வாங்கினேன். இப்பவும் அதே கை, அதே மண்டை. யாரைப் பாத்து எழுதின?

— பக்கத்துல எசென்தான் இருந்தான். அவன் தன் பேரையே யோசிச்சுத்தான் எழுதுவான்.

— இந்தத் தாளை ரத்து பண்ணினா நீ கல்லூரியிலயே இல்லை. தெரியுமில்ல?

— தெரியும், அகாய். ஆடுங்களுக்கு இலக்கணம் வேண்டாம், கிளம்பி வாடான்னு அப்பா நாரின்லேர்ந்து ஏற்கெனவே சொல்லிட்டாரு.

— அப்ப உண்மையைச் சொல்லு.

— பழக்கம்தான், அகாய்.

— பழக்கமா? நீ கிளாஸ்ல நோட்டையே திறக்க மாட்டியே!

— லேட்டா வந்தா விளக்கக் கடிதம். வராட்டி விளக்கக் கடிதம். ஹாஸ்டல் ரூம்ல போர்சோக் பலகாரம் பொரிச்சதுக்கு, பொரிக்கலைன்னு ஒண்ணு, பொரிச்சேன்னு ஒண்ணு. தப்பிருந்தா கிழிச்சுப் போட்டு மறுபடி எழுத வெப்பீங்க. இந்தக் கட்டடத்துல என்னைவிட அதிகமா எழுதினவன் யாரு?

— எழுத எழுத இலக்கணம் தானா வந்துடுமாக்கும்?

— எழுதறப்ப வரலை, அகாய். நீங்க கிழிக்கக் கிழிக்கத்தான் வந்துது.

— சரி, இந்தா பேப்பர். ‘எனக்கு ஏன் பிழையே வரலை’ன்னு ஒரு விளக்கக் கடிதம். என் கண்ணு முன்னாடி எழுது.

— ‘மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு’... வழக்கம்போலத்தானே?

— எழுதுடா!

— முடிச்சுட்டேன், அகாய்.

— அதுக்குள்ளயா? டீ இன்னும் ஆறலை. கொடு... ம்... ‘என் விருப்பத்துக்கு மாறாக, பழக்கத்தின் காரணமாக’... காற்புள்ளிகூட சரியா நிக்குது! என்னடா இது!

— அந்த வரி எல்லாக் கடிதத்துலயும் போடறதுதான்.

— தொலை. தாள் செல்லும். நீ பாஸ்.

— அப்பாடா! ஆடுங்க தப்பிச்சுது. வரேன், அகாய்.

— நில்லு. கதவைச் சாத்து.

— இன்னும் என்ன, அகாய்?

— மொத்தக் கல்லூரியில பாஸானது நீ ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாரும் ஏன் ஃபெயில்னு துணைவேந்தர் என்கிட்ட விளக்கக் கடிதம் கேட்டிருக்காரு. உக்காருப்பா... எப்படி ஆரம்பிக்கணும்?