மெயின் சுவிட்சும் மதர்போர்டும்

கணபதிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் ஓர் அட்டைப்பெட்டியை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளிடம் சொன்னார்:

"ஏனுங்க, பை இடிக்காமப் பார்த்துக்குங்க. இதுக்கு இப்பத்தான் உசுரு வந்துருக்குது."

"கோழிக்குஞ்சுங்களா?"

"கம்ப்யூட்டர் மதர்போர்டுங்க. பட்டறையில, கம்ப்யூட்டரை எழுப்பி உடற புரோகிராமுக்கு அப்டேட் போட்டேன். பாதியில கரண்டை நிறுத்தக்கூடாதுன்னு திரையில வந்துச்சு. எங்கூட்டுக்காரரு உள்ள லேத்துல இருந்தாருங்க. மணி ஒண்ணாச்சு, சாப்பிடப் போறப்ப மெயினை ஆஃப் பண்ணிப்போட்டாரு. முப்பது வருசப் பழக்கமுங்க."

"அய்யோ. அப்பறம்?"

"அப்பறம் திரையே வரலீங்க. திங்கக்கெழமை குடுக்க வேண்டிய பம்ப் ஷாஃப்டோட டிராயிங் எல்லாம் அதுலதான். ரிப்பேர் கடையில, அந்தப் புரோகிராம் இருக்கற சிப்புமேல கிளிப்பு மாட்டி, பழைய புரோகிராமையே திரும்ப ஏத்திக் குடுத்தாங்க."

"நல்லவேளை. இனி அப்டேட்டுப் பக்கமே போகாதீங்க."

"போட்டுத்தான் ஆகோணுமுங்க. அது இல்லாம புது சாப்ட்வேர் ஓடாதாமா. இன்னிக்கு மத்தியானமே போடலாம்னு இருக்கேன்."

"அவரு மறுபடியும் மெயினை நிறுத்திட்டா?"

"அதுக்குத்தானுங்க, அவரை வால்பாறையில அவங்க அக்கா ஊட்டுக்குப் பஸ் ஏத்தி உட்டுப்போட்டு வாரேன்."