நடுவில் செருகும் படம்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஒன்மோரின் துணைவியாரே, இங்கும் கேமராவைத் தோளிலிருந்து இறக்காத தொழில் நண்பர்களே, பெரியோர்களே! வணக்கம்.

நம் ஒன்மோர் மறைந்துவிட்டார். திருமணப் புகைப்படக் கலைஞர். இச்சங்கத்தின் முன்னாள் செயலாளர். படமெடுக்கையில் வாயைத் திறந்தால் ‘ஒன் மோர்’, அதாவது ‘இன்னும் ஒன்று’, தவிர வேறெதுவும் வராததால் பெற்றோர் இட்ட பெயரையே இழந்தவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். வரிசைப்படி நான்தான் முதலில் போயிருக்க வேண்டும். வரிசையை அவர் என்றைக்கு மதித்தார்?

தேர்வுக்காகக் காட்டும் ப்ரூஃப் படங்களையும் அவர் வரிசையாக அடுக்கியதில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க நாமெல்லாம் என்ன செய்கிறோம்? கைபேசிக்கு அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறோம்! அவரோ இரு வீட்டாரையும் ஒரே மேசைக்கு அழைப்பார். சம்பந்தியம்மாக்கள் இருவரும் சேர்ந்து ஏதோ ஒரு வேலை செய்வதை, அவர்கள் அறியாமல் எடுத்து வைத்திருப்பார். அதை ப்ரூஃப் கட்டின் நடுவில், சண்டை சூடுபிடிக்கும் இடத்தில் செருகுவார். அவருக்கு ஆல்பம் வடிவமைத்த முப்பத்தோர் ஆண்டுகளும் அதைத் தந்திரம் என்றுதான் சொல்லிவந்தேன்.

ஒருமுறை மேசையில் போர்!

“உங்க பக்கத்து ஆளுங்களே நாற்பது படத்துல நிக்கிறாங்க!”

“எங்க ஆளுங்க நேரத்துக்கு வந்தாங்க, நின்னாங்க.”

மணப்பெண் நகத்தை முடித்துவிட்டு விரலைக் கடிக்கத் தொடங்கியிருந்தாள். அடுத்த படம் புரண்டது. கிழிந்த மண உடையின் ஓரத்தை இரு தாய்மாரும் தரையில் மண்டியிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என் முதுகுதான் தெரியுது.”

“பின்னாடி நான் ஒருத்தி இருக்கறதே தெரியலியே, சம்பந்தி!”

இருவரும் சிரித்தார்கள். பெண் அப்போதுதான் வாயிலிருந்து கையை எடுத்தாள். ஒன்மோர் என் பக்கம் குனிந்து, “தந்திரம்தான்க்கா, ஒத்துக்கறேன்,” என்றார்.

அவர் கடைசியாக எடுத்த திருமணத்தின் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் என்னிடம் இருக்கின்றன. அந்த மணப்பெண் நேற்றுத் தொலைபேசியில் அழுதாள்: “ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா அனுப்பிடுங்கம்மா. அம்மாவும் மாமியாரும் பேசிக்கறதே இல்லை. நடுவுல நான்தான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.” அத்தனை படங்களையும் மூன்று முறை தேடினேன். நடுவில் செருக ஒன்றுகூட இல்லை. அன்று நெஞ்சுவலியால் அவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

சற்று முன் இந்த அரங்கில் அவருடைய உருவப்படம் சரிந்தது. இரு கோடிகளில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் தூக்குங்க.”

“இப்ப சரியா?”

அவர்கள்தாம் பேசிக்கொள்ளாத அந்தச் சம்பந்திகள்! இருநூறு புகைப்படக்காரர்கள் இருக்கிறீர்கள், ஒருவராவது எடுத்தீர்களா? நான் எடுத்தேன், கைபேசியில். கோணல்தான். ஒன்மோர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

நேற்று நீ தொலைபேசியில் சொன்ன ரகசியத்தைச் சபையில் போட்டு உடைத்துவிட்டேன், மகளே, தாராளமாகக் கோபித்துக்கொள். அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நான் நாளும் நேரமும் சொல்கிறேன். சம்பந்தியம்மாக்களே, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் படம் தேர்ந்தெடுக்க ஸ்டூடியோவுக்கு வாருங்கள். தனித்தனியாக அனுப்புவதாக இல்லை.