சட்டைப்பைக்கு வந்த நம்பர்

இப்போது ஆட்களிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒருத்தன் வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்திருப்போம். அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, எங்கேயோ கிடக்கிற எவனிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். நம்மைக் கண்டால் கையை மட்டும் அசைப்பான். இரு என்கிறானா, போ என்கிறானா, தெரியாது. வீட்டுக்குள் நாய் ஏறினால்கூட ‘சீ’ என்று ஒரு சொல் சொல்லுவார்கள். மனுசனுக்கு அதுவும் இல்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. பெயர் ஞானையன். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிடி கடை வைத்திருந்தேன். சினிமா சிடியில் தொடங்கி, டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் சிடியில் வந்து நின்றது. கல்ஃபிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் கேம் பெட்டியும் சிடியும் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். அதை விற்பேன், வாடகைக்கும் கொடுப்பேன். நான் ஒரு நாளும் அதில் விளையாடியது கிடையாது. பிறகு சிடி வாங்க யாரும் வராமல் ஆனார்கள். கடையை மூடினேன். அதற்கு முந்தின வருசம் மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாள், பனி பெய்வதைக் காட்டுவாள், வைத்துவிடுவாள்.

என்னிடம் எந்தப் போலீசும் கேட்கவில்லை. இதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்றும் தெரியாது. நானாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் கடையில் ஒரு நடைமுறை உண்டு. புதிதாகப் பெட்டி வாங்குகிறவனுக்கு அதற்குள் ஒரு அக்கவுண்ட் திறந்து கொடுக்க வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. கடையில் கம்ப்யூட்டர் பார்த்த ஜெபிஷ்தான் எல்லாருக்கும் திறந்து கொடுப்பான். போன் நம்பர் கேட்கும் இடத்தில் என்னுடைய நம்பரையே போட்டுவிடுவான். கல்ஃப்காரன் நம்பர் ஆறு மாதத்துக்கு ஒன்று மாறும். கடை நம்பர் மாறாது என்பது அவன் கணக்கு. இந்தப் பக்கத்தில் எத்தனையோ கடைகளில் அப்படித்தான் செய்தார்கள். பெட்டி வீட்டுக்குப் போய்விடும், நம்பர் என் பையில் கிடக்கும். பிறகு அதை யாரும் மாற்றியதில்லை.

டைட்டஸுக்கும் அப்படித் திறந்ததுதான்.

என் ரப்பர் மரங்கள் நிற்கிற விளையைத் தாண்டினால் டைட்டஸ் வீடு. கத்தாரில் எலக்ட்ரீசியனாக இருந்தான். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தான். வந்த புதிதில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் யாரிடமும் பேசவில்லை, சாப்பிடவில்லை. அவன் மனைவி பெமிலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் தம்பி வந்து என் கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனான். ஒரு மாதம் கழித்து பெமிலா என்னைச் சர்ச் வாசலில் பிடித்தாள்.

“மாமா, அவரு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அந்தப் பெட்டியாக்கும் அவரைத் திருப்புனது. சிடி எதுவும் புதுசா வந்தா கொண்டு வந்து குடும், என்னா?”

அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் சிடி கொண்டுபோனேன். கடை மூடிய பிறகும் போனேன். பெமிலா டியூட்டிக்குப் போனபின் அந்த வீட்டில் அவனும் நானும்தான். அவன் விளையாடுவான், நான் கட்டில் ஓரத்தில் ஸ்டூலில் இருந்து பார்ப்பேன். என்னென்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே விளையாடுவான். ‘இவன் நல்லவன் மாமா, அவன் கள்ளன், இந்தப் பாலத்தைத் தாண்டணும்.’ முடித்ததும் சிடியை எடுத்து, என்னிடம் இருக்கிற வேறொன்றைப் போடுவோம். நான் இல்லாமல் அவனுக்கு அடுத்த விளையாட்டு இல்லை. நாலு வருசம் அப்படி நடந்தது. மத்தியானச் சோற்றுக்கு நான் என் வீட்டில் அடுப்பு மூட்டியதே குறைவு.

பிறகு பெமிலாவின் தம்பி துபாயிலிருந்து புதுப்பெட்டி ஒன்று அனுப்பினான். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சிடி போட வாய் இல்லை.

“இதுல எங்க போடணும்?” என்றேன்.

“போடண்டாம் மாமா. எல்லாம் நெட்டுக் கம்பி வழி வரும். பழைய அக்கவுண்டையே இதுலயும் போட்டுட்டேன், இனி வாங்குறதெல்லாம் அதுலயே வந்து கெடக்கும். இனி சிடின்னு ஒரு சாதனமே செய்யமாட்டானுவ.”

“கையில இல்லாதது எப்படிலே ஒனக்குச் சொந்தம்? அவன் நாளைக்குப் பூட்டிட்டுப் போனா?”

“நீரு சர்ச்சில போயி ஜெபிக்கியீரே, கடவுளைக் கையில பிடிச்சுப் பாத்துட்டா ஜெபிக்கியீரு?”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் பேச்சில் கெட்டிக்காரன்.

அதன் பிறகு அவன் காதில் ஹெட்போன் ஏறியது. கம்பி வழி விளையாட்டு மட்டும் வரவில்லை, ஆட்களும் வந்தார்கள். ஒருத்தன் கோழிக்கோட்டுக்காரன், அவனும் படுத்தபடுக்கைதானாம். ஒருத்தன் பிரேசிலாம். இன்னும் இரண்டுபேர், ஊர் தெரியாது. எல்லாரும் சேர்ந்து ஒரு படை. இவனைக் ‘கேப்டன்’ என்று கூப்பிடுவார்கள். கட்டிலில் மூத்திரப்பையோடு கிடக்கிறவன் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் உத்தரவு போடுவான், அவர்கள் கேட்பார்கள். நான் ஸ்டூலில் இருப்பேன். என்னைக் கண்டால் கையை அசைப்பான். விளையாட்டு முடிந்தால், “மாமா, நீரு எப்ப வந்தீரு?” என்பான்.

ஒரு வருசம் அப்படிப் போனது. நான் கொண்டுபோன சிடிகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவனை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. முகம் தெரியாதவன் எப்படிச் சிநேகிதனாவான்? அது இல்லாமலானால் அவனுக்கே புரியும் என்று நினைத்தேன்.

களியக்காவிளையில் லிஜி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அவளிடம்தான் திருத்துவோம். அவளிடம் போனேன். என் மகன் கேம் விளையாடி நாசமாகிறான், அந்த அக்கவுண்டை மூட வேண்டும் என்றேன். டைட்டஸின் பெயரைச் சொன்னேன், என் நம்பரைச் சொன்னேன். போனில் ஒரு ஓடிபி வந்தது. வாசித்தேன். இன்னொன்று வந்தது. அதையும் வாசித்தேன்.

“வாங்கி வச்சதெல்லாம் போவும் பாட்டா. கூட வெளையாடுற கூட்டுக்காரங்க, வெளையாடி முடிச்சது, எல்லாம். பரவாயில்லியா?”

“போவட்டு.”

“ஒரு மாசம் டைம் இருக்கு. மனசு மாறினா இதே நம்பரை வச்சுத் திரும்ப எடுக்கலாம். அது கழிஞ்சா கடவுளே வந்தாலும் எடுக்க ஒக்காது, என்னா?”

“நல்லது பிள்ளே” என்றேன். அவள் ஒரு தட்டு தட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. பலசரக்குக் கடைக்குப் போய் வெல்லம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் டைட்டஸ் போன் செய்தான். போனை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னான். போனேன். டிவியில் ஏதோ எழுதியிருந்தது. அவன் முகம் வெளுத்திருந்தது.

“மாமா, அக்கவுண்டை எவனோ மூடிட்டான். திரும்ப எடுக்க ஓடிபி அனுப்புவானாம். அது ஒமக்க நம்பருக்காக்கும் வரும், பழைய கடை நம்பரு. நான் அமுக்குறேன், நீரு பாத்துச் சொல்லும்.”

அமுக்கினான். போன் என் சட்டைப்பையில் இருந்தது. சத்தத்தை வீட்டிலேயே நிறுத்தியிருந்தேன். நெஞ்சில் ஒரு வண்டு மாதிரி அதிர்ந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். நம்பர் தெளிவாக இருந்தது.

“ஒண்ணும் வரலியே மக்கா.”

“டவர் இல்லியோ?”

“மழை பெய்யுதுல்லா. டவர் கெடையாது.”

சாயங்காலம் மறுபடி அமுக்கினான். வரவில்லை என்றேன். அந்த மாதம் முழுக்க அவன் கேட்டுக்கொண்டிருந்தான், நான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெமிலா கம்பெனிக்கு எழுதினாள். அவர்களும் அந்த நம்பருக்குத்தான் அனுப்புவோம் என்றார்கள். அதைக் கேட்டு நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். கம்பெனிக்காரன் கள்ளன், அவனை நம்பி இருந்தது தப்பு, நான் அன்றைக்கே சொன்னேன் என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு கிழவன் நாலு எழுத்து வாசித்தால் பறிபோகிற சாமானை ஒருத்தனுக்கு விற்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

“சாமானம் போனாப் போவட்டு மாமா” என்றான் டைட்டஸ் ஒரு நாள். “அவனுவள எங்க போயி தேட? எனக்கு அவனுவளுக்க பேரு தெரியாது. அவனுவளுக்கு எனக்க பேரு தெரியாது. கேப்டன்னுதான் கூப்பிடுவானுவ. அந்தக் கோழிக்கோட்டுக்காரன், நான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பான்.”

“புதுசா ஒண்ணு தொறந்தா போராதா?”

“தொறந்து? ஒலகத்துல எத்தன லெச்சம்பேரு வெளையாடியானுவ. அதுல நாலுபேரை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட?”

மாதம் முடிந்தது. நான் என் வீட்டுப் பரணிலிருந்து, கடையில் மிஞ்சிய பழைய பெட்டி ஒன்றை இறக்கித் துடைத்து, சிடிகளோடு கொண்டுபோனேன். அவன் மறுக்கவில்லை. நான் போட்டதை விளையாடினான். ‘இவன் நல்லவன், அவன் கள்ளன்’ என்று சொல்லவும் செய்தான். ஹெட்போன் கொடியில் தொங்கியது. எனக்கு மறுபடி மத்தியானச் சோறு அங்கேதான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நாட்கள் எனக்கு நன்றாக இருந்தன.

கொஞ்ச நாளில் விளையாடுகிற ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தான். பிறகு அதையும் கீழே வைத்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். நான் ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் மாற்றிப் போட முடியாது, இடம் இல்லை. முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கஞ்சி ஆறிப்போகும். முதுகில் புண் வந்தது. பெமிலா நர்ஸ், செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள். புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறி, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து இறந்தான். கல்லறைத் தோட்டத்தில் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

முப்பதாம் நாள் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். எல்லாரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பின்னால் குழாயடியில் பெமிலா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் என் டம்ளரைக் கொண்டு கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

“மாமா, அண்ணைக்கு நம்பர் வந்துதா?”

நான் அவளிடம் பொய் சொல்ல நினைக்கவில்லை. “வந்துது” என்றேன். “மூடுனதும் நானாக்கும்.”

அவள் தலை நிமிரவில்லை.

“அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில வச்சு எனக்கிட்ட சொன்னாரு. ‘மாமாக்க பையில போன் அதிருனது எனக்குக் கேட்டுது பெமி’ன்னாரு. ‘பின்ன ஏன் கேக்கல?’ன்னேன். ‘கேட்டா அவரு வெக்கப்பட்டு இங்க வராம இருந்துருவாரு. கெழவனுக்கு வேற போவ எடம் ஏது? தானாச் சொல்லுவாருன்னு பாத்தேன்’னாரு.”

குழாய் திறந்தபடி ஓடியது. நான் டம்ளரைச் சுவர்மேல் வைத்தேன்.

“வீட்டுக்குப் போவும் மாமா” என்றாள். “இனி வராதயும்.”

விளை வழியாக நடந்தேன். அவள் சொன்னதை நான் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. புருசன் போன துக்கத்தில், என்னைக் குத்துவதற்காக அவளாகச் சேர்த்துச் சொன்னது அது. தெரிந்திருந்தால் அவன் ஒரு வார்த்தையாவது திட்டியிருப்பான். நான் அவன் பக்கத்தில் அத்தனை நாள் இருந்தேன், ஒன்றும் திட்டவில்லை. நான் எழுந்து புறப்படும்போதெல்லாம், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, “நாளைக்கும் வருவீரில்லா மாமா?” என்றுதான் கேட்டான். தெரிந்தவன் அப்படிக் கேட்பானா?