சிவப்பு வாரம்

— கையை எடுங்க தம்பி. நீங்க காட்டிக் குடுக்காதீங்க, அவளே எடுக்கட்டும். குட்டி, பெரியம்மாவுக்கு ஒரு சிவப்பு மூடி எடுத்துக் குடு பார்ப்போம்.

— இந்தா!

— இது சிவப்பா?

— சிவப்பு!

— பாத்தீங்களாக்கா, டக்குன்னு எடுத்துட்டா! கை தட்டு கண்ணு, கை தட்டு!

— ம். குட்டி, உன் பொம்மை எங்க? போய்த் தேடிக் கொண்டா. மெதுவா போ, விழுந்து வைக்காத... தம்பி, இப்படி உக்காருங்க. இது எத்தனை நாளா நடக்குது?

— ஆறு நாளாக்கா. அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கு பாருங்க, உங்க தங்கச்சி எழுதினது. முதல் வாரம் சிவப்பு. அப்புறம் பச்சை. அப்புறம் வட்டம், ஈரம், சத்தம், கனம்னு பன்னெண்டு வாரத்துக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சேர்த்து வச்சிருந்தா. தண்ணி பாட்டில் மூடி, துணி மாட்டற கிளிப்பு, பழைய பட்டன். திரும்பி வந்து தானே நடத்தலாம்னு.

— தெரியும். மூடி சேர்த்து வைக்கச் சொல்லி என்னையும்தான் நச்சரிச்சா. என் பையில எப்பப் பாத்தாலும் பத்து மூடி கிடக்கும்.

— அவ போய்ச் சேர்ந்த அஞ்சு மாசமா எனக்கு அதைத் தொடக்கூட மனசு வரல. போன வாரம் இவளே பெட்டியை இழுத்துட்டு வந்தா. சரி, ஆரம்பிப்போம்னு பட்டறையை மத்தியானம் மூடிட்டு உக்காந்தேன். அதாவதுக்கா, முதல் நாள் மூடியை வாயில வச்சா. ரெண்டாம் நாள் வரிசையா அடுக்கினா. மூணாம் நாள் ஒவ்வொண்ணா தட்டுல போட்டு என் மூஞ்சியப் பாக்குறா. நான் கை தட்டினா அடுத்தது. என்ன ஒரு ஆசைங்கிறீங்க!

— நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. தட்டுல பதினேழு மூடி இருக்கு. எத்தனை சிவப்பு?

— எல்லாமே.

— ஒம்பது சிவப்பு. ஆறு பச்சை. ரெண்டு காப்பிக்கொட்டைக் கலர். என் கையில அவ குடுத்ததும் பச்சைதான்.

— குடுங்க, ஜன்னல் பக்கம் வச்சுப் பாக்குறேன்.

— மூணு வயசு முடியப் போகுது தம்பி. பதினெட்டு வருஷமா குழந்தைங்க வார்டுல நர்ஸா நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது கண்ணா, இல்ல மூளை வளர்ச்சியான்னு உடனே பாக்கணும். நீங்க என்னடான்னா தப்பா எடுக்கும்போது கை தட்டறீங்க. வாசல்ல ஒரு பை வச்சிருக்கேனே, அது அவ துணிதான். நீங்க டீ போடப் போனப்ப எடுத்து வச்சேன். என்கூட வரட்டும். டாக்டர்கிட்ட காட்டறேன், அங்கேயே ஸ்கூல்ல போடறேன்.

— எத்தனை நாளைக்கு?

— நாளைக் கேக்காதீங்க. மரத்தையும் இழைச்சுக்கிட்டு மகளையும் பாக்க உங்களால முடியாது. சொல்லணும்னு இருந்தேன், சொல்லிட்டேன்.

— அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா.

— அதை டாக்டர் சொல்லட்டும்.

— டாக்டர் வேண்டாம், நானே சொல்றேன். இதெல்லாம் சிவப்புன்னு பொறுக்கிக் குடுத்தது அவ இல்ல. நான். உங்க தங்கச்சி கலர் கலரா பிரிச்சு, பை மேல பேரெழுதித்தான் வச்சிருந்தா. குழந்தை வாயில வைப்பாளேன்னு எல்லாத்தையும் ஒரே வாளியில கொட்டி சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். காய வச்சு அள்ளும்போதுதான் தலையில கைய வச்சேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பொறந்ததுலேருந்தே.

— என்ன சொல்றீங்க?

— மரத்தை மோந்து பாத்தே இன்னதுன்னு சொல்லிடுவேன். மூடிக்கு ஏது வாசனை?

— ஆறு வருஷமா எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதே!

— உங்க தங்கச்சிக்குத் தெரியும். மூடி மறைச்சு, என்னை மாப்பிள்ளையா நடமாட விட்டா.

— அடப்பாவி... சிரிப்பும் வருது, ஆத்திரமும் வருது. குழந்தைக்குக் கோளாறுன்னு நான் சொல்லும்போது வாயைத் திறக்கறதுக்கு என்ன?

— திறந்தா, குழந்தைக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுக்கறவன்னு அவளைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. திறக்கலேன்னாலும் கூட்டிட்டுப் போவீங்க. எப்படியும் போறாதான். அவ பேர்ல குத்தத்தோட போக வேண்டாமேன்னு சொன்னேன்.

— தம்பி... சொல்லிக் குடுக்கறது தப்புன்னா தப்புதான். மனசு கேக்கல, ஆனா அதுக்காக இவளை விட்டுட்டுப் போக முடியாது. வா குட்டி, பொம்மை கிடைச்சுதா? இங்க உக்காரு. இந்தப் பச்சையெல்லாம் நாம வேற பையில போடுவோமா?

— போடாத! அது அப்பா சிவப்பு!

— என்னது?

— இது அப்பா சிவப்பு. இது அம்மா சிவப்பு.

— அம்மா சிவப்பு எது? பெரியம்மாவுக்கு எடுத்துக் காட்டு... இது. அப்புறம்? இது. இதுவும். தம்பி, எண்ணுங்க... ஒம்பது. ஒண்ணுகூடப் பிசகல. கண்ணு, அப்ப இந்த ஆறு என்ன?

— பச்சை.

— பச்சைன்னு தெரிஞ்சுமா சிவப்புத் தட்டுல போட்ட?

— அப்பா கை தட்டுவாரு.

— உனக்கு யாரும்மா சொன்னா, அப்பா சிவப்பு வேறன்னு?

— அம்மா. அம்மாவும் நானும் அப்பாக்கு கலர் பாத்து சட்டை எடுத்து வைப்போம். இப்ப நான் மட்டும் வைக்கிறேன். கட்டில்ல.

— கட்டில்லயா? நான்... அதாவதுக்கா, அவ இழுத்துப் போட்டு விளையாடறான்னு நினைச்சேன். மேல கிடக்கறதை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிடுவேன்.

— வாசல்ல இருக்கற பையைக் கொண்டாங்க தம்பி. துணியெல்லாம் திரும்ப அடுக்கணும்.

— கூட்டிட்டுப் போகலையா?

— இவளைக் கூட்டிட்டுப் போயிட்டா, நாளைக் காலையில நீங்க எந்த லட்சணத்துல வெளிய கிளம்புவீங்க?