மாடியில் கட்டிய கம்பி

ரேடியோ தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அதை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஐயா. ஜன்னலோரம் வைக்க வேண்டும். உங்கள் ஸ்டேஷனில் இருப்பதையும் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

என் பெயர் பூதலிங்கம். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். விக்கிரமசிங்கபுரத்தில் என் வீடு மேட்டில். அண்ணன் குமரகுருபரன் வீடு எனக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில். அங்கே ரேடியோ சரியாக எடுக்காது. மழையில் மின்சாரமும் செல்போனும் செத்துவிட்டால், அணை திறக்கிற செய்தி ரேடியோவில்தான் வரும். அதனால் என் மாடிக் குழாயில் செம்புக் கம்பி கட்டி அவர் ஜன்னல் வரை நான்தான் இழுத்துக் கொடுத்தேன். கணீரென்று கேட்டது. "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் பெருமைதான்.

பிறகு அவர் மகள் சுகிர்தாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. சித்தப்பா என்று என் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போயிற்று என்று ஆள் விட்டுச் சொன்னார். அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பேச்சு நின்றது, கம்பி மட்டும் அப்படியே இருந்தது.

மார்கழி மழையின் இரண்டாம் நாள். மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. காலையில் மாடிக்குப் போய் முடிச்சை அவிழ்த்தேன். அறுக்கவில்லை, நல்ல செம்பு. ரேடியோ எடுக்காவிட்டால் அண்ணன் என் படியேறித்தானே ஆக வேண்டும்? அதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

பதினொன்றரைக்கு என் ரேடியோவில் சொன்னார்கள். அணை முழுவதும் திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் ஒரு மணிக்குள் வெளியேற வேண்டும். நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் வரவில்லை. மதினி ஞானம்பாள்தான் குடையோடு வந்தார். படியேறவில்லை.

"கொழுந்தனாரே, எங்க ரேடியோ ஒரே இரைச்சலாக் கெடக்கு. அவுக காலையிலேருந்து திருகுதாவ. ஒங்க மாடியில கம்பி அந்துட்டோ?"

"மழைன்னா அப்படித்தான் மதினி. பைய சரியாயிரும். அண்ணனை வந்து பாக்கச் சொல்லுங்க."

"முழங்கால் வீங்கிக் கெடக்கு, எங்கன நடக்க? சரி, சொல்லுதேன்" என்று திரும்பிப் போனார்.

அப்போது மணி பன்னிரண்டு. ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தேன். என் வாசல் கதவு திறந்தேதான் இருந்தது.

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் இரண்டு பேரையும் முள்காட்டில் எடுத்தார்கள். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாகக் கம்பியைத் திரும்பக் கட்டினேன். அந்தப் புது முடிச்சைத்தான் உங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்கள்.

ஆம், நான்தான் கொன்றேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மதினி கேட்டது கம்பியைப் பற்றி, தண்ணீரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சட்டைப் பையில் இருக்கும் காகிதத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பதினாறாம் நாள் பத்திரிகை. விஷயம் தெரிவதற்கு முன்னால் சுகிர்தா அச்சடித்தது. சித்தப்பா என்று என் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறாள். நான் எதிர்பார்த்தது இவ்வளவுதானே, ஐயா.